தரங்கம்பாடி ரயிலைத் திருப்பித் தாருங்கள்: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வே அதிகாரிகளுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம் இங்கே வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் வாயில் முதலில் வருவது தரங்கம்பாடிதான்.

மைசூரு – மயிலாடுதுறை வண்டியை இப்போது கடலூர் வரை நீட்டியிருக்கிறீர்கள், நாங்கள் இன்னும் அதை மயிலாடுதுறையின் பழைய பெயரிலேயே மாயவரம் வண்டி என்றுதான் சொல்கிறோம். சிட்டி ஸ்டேஷனில் ஏறிப் படுத்தால் ஓசூர், தருமபுரி, சேலம் எல்லாம் தூக்கத்திலேயே போய்விடும், கும்பகோணம் தாண்டும்போது வயல் காற்று பட்டு விழிப்பு வரும். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. மாயவரத்தில் இறங்கிய பிறகுதான் பிரச்சினை.

போன தை மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஜங்ஷனிலிருந்து ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் போனால், முதலில் வந்த பேருந்தில் கால் வைக்க இடமில்லை. அடுத்ததில் இடம் இருந்தது, படிதான் உயரம். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, இன்னொரு காலைத் தூக்க முடியாமல், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஒரு கல்லூரிப் பையன்தான் கீழேயிருந்து தாங்கி ஏற்றிவிட்டான். ராத்திரி முழுக்க வந்ததில் தெரியாத வலி, இந்த 30 கிலோமீட்டரில் தெரிந்துவிட்டது.

அந்த 30 கிலோமீட்டருக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது, உங்களுக்குத் தெரியாததல்ல. 1926இல் திறந்த மீட்டர் கேஜ் பாதை, அன்றைய தென்னிந்திய ரயில்வேயுடையது. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், கடைசியில் தரங்கம்பாடி, அதற்கப்புறம் கடல்தான். 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிப் பின்னால் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஊர், 1845இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய ஊர். நாகப்பட்டினத்துக்கு 1861லேயே ரயில் வந்துவிட்டது, வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. துறைமுகம் ஓய்ந்துபோன எங்கள் ஊருக்கு அத்தனை வருஷம் கழித்தாவது ரயில் வந்தது என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! கருவாட்டுக் கூடையோடு ஏறுகிற பெண்களுக்காகக் கடைசிப் பெட்டியில் கதவோரத்தை யாரும் கேட்காமலே விட்டுவிடுவார்களாம், அம்மா சொல்வார்.

1986இல் பாதையை மூடினார்கள். நட்டம் என்று அப்போது காரணம் சொன்னதாகத் தாத்தா சொல்லிக்கொண்டிருப்பார். திறந்து சரியாக அறுபது வருஷம். எங்கள் பக்கத்தில் அறுபது முடிந்தால் திருக்கடையூரில் அபிராமி சன்னதியில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துவைப்போம். அந்தத் திருக்கடையூர் வழியாகவே ஓடிய ரயிலை அறுபதிலேயே நிறுத்திவிட்டார்களே என்று அம்மாவுக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, அது பழைய கதை என்பீர்கள். இன்றைக்கு வருகிறேன். திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் வருகிறவர்கள் யார்? அறுபது வயதுக்காரர்களும் எண்பது வயதுக்காரர்களும், கூட வருகிற அவர்கள் வயதுச் சொந்தக்காரர்களும்தான். ரயில் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே வருகிற ஊர் அது. மன்னம்பந்தலில் ஒரு கல்லூரி, பொறையாரில் ஒரு கல்லூரி. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு, எந்த வேலையாக இருந்தாலும் தரங்கம்பாடி வட்டத்துக்காரர்கள் மாயவரம் பக்கம்தான் போய்வர வேண்டும். 1986 கணக்கில் இதெல்லாம் எப்படி வந்திருக்கும்?

பக்கத்திலேயே பேரளம் – காரைக்கால் பாதை இருக்கிறது. அதையும் அதே 1980களில்தான் மூடினார்கள். அதைத் திருநள்ளாறு வழியாக அகலப் பாதையாக மறுபடி போட்டிருக்கிறீர்கள், அதற்கு மனதார நன்றி. எடுத்த தண்டவாளத்தைத் திரும்பப் போட முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள், அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்றைய பயணிகளின் எண்ணிக்கையை எடுத்து எங்கள் பாதைக்குப் புதிதாகக் கணக்குப் போடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், பழைய பாதையின் மண்மேட்டில் உங்கள் நிலமாக மிச்சமிருக்கும் இடத்திலெல்லாம் இந்த வருஷமே எல்லைக் கல்லாவது நட்டுவையுங்கள். நிலம் கைவிட்டுப் போன பிறகு எத்தனை மனு கொடுத்தாலும் பயனில்லை. 2026 அந்தப் பாதை திறந்த நூறாவது வருஷம், தொடங்குவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

அப்புறம் ஒன்று. ரயில் வந்தால், பெங்களூரு வண்டி காலையில் வந்து சேர்ந்த பிறகு புறப்படும்படி தரங்கம்பாடி பாசஞ்சருக்கு நேரம் வையுங்கள். முடிந்தால் மேம்பாலம் ஏறாமல் மாறும்படி அதே பிளாட்ஃபாரத்தில் நிறுத்துங்கள்.

கடைசி நாளன்று தாத்தா இரண்டு டிக்கெட் எடுத்தாராம். ஒன்றில் போய் வந்தார், இன்னொன்றைப் பெட்டியில் துணிக்கடியில் வைத்துவிட்டார். பழுப்பேறிய கெட்டி அட்டை, ஓரத்தில் கரையான் கொஞ்சம் அரித்திருக்கிறது, தரங்கம்பாடி என்ற பெயரும் அழுத்திப் பதித்த தேதியும் மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. அதைப் படம் எடுத்து இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
அல்சூரில் வசிக்கும் ஒரு தரங்கம்பாடிக்காரன்