தில்லை மரத்தின் பால் கையில் பட்ட அன்று உதவிய அம்மாவுக்கு நன்றி

போன ஞாயிறு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரம், சேற்றில் நடக்கவும் திசை பார்த்துத் திரும்பவும் நானும் நண்பனும் பழகிக்கொண்டிருந்தோம். ஊன்றுகோலுக்கு ஒரு கிளையை முறித்தேன். தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "தம்பி, விடு! அது தில்லை!" என்று கத்தினார்.

முறிந்த இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்து, என் விரலிடுக்கில் பிசுபிசுத்தது. கொசு கடித்த கன்னத்தைச் சொறியக் கை போயே விட்டது. அவர் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். "கண்ணுல பட்டா பார்வையே போயிரும்யா."

காலையிலிருந்து வெயிலில் நிற்பவர். கழுத்தில் தொங்கிய பறியை (இறால் போடும் கூடையை) ஒதுக்கிவிட்டு, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் என் கையில் ஊற்றினார். சுற்றிலும் உப்புத் தண்ணீர்தான். அந்த ஒரு பாட்டிலின் அருமை தெரிந்தே கொடுத்தார். பிறகு அலையாத்தி எது, தில்லை எது என்று இலையைக் காட்டிச் சொல்லித் தந்தார். காட்டு மரத்தை முறித்தது என் தப்பு. அதையும் கண்டித்தார், சரியாகத்தான்.

பேர் கேட்கத் தோன்றவில்லை. அம்மா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளுங்கள், என் கண் நன்றாக இருக்கிறது. அடுத்த முறை குடம் நிறையத் தண்ணீரோடு வருகிறேன்.