மார்க்கெட் வியாபாரிங்க சங்கம், தர்மபுரி: ஆண்டறிக்கை 2024-25 (கூட்டத்துக்கு வராதவங்களும் படிங்க)

எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம். கூட்டத்துல வாசிச்சத அப்படியே டைப் பண்ணி குரூப்ல போடறேன், ஏன்னா 84 மெம்பர்ல வந்தது 27 பேரு, அதுலயும் போண்டா டீ முடிஞ்சதும் 9 பேரு கடைய பாக்கணும்னு எந்திரிச்சிட்டாங்க.

ஆகஸ்ட் 15 கொடியேத்தி மிட்டாய் குடுத்தோம். ஆயுத பூஜை நல்லபடியா நடந்துச்சு. டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை, ஊத்தங்கரைல நின்ன வண்டியெல்லாம் அடிச்சிக்கிட்டு போச்சே அந்த மழை, அப்ப சங்கத்துல தார்ப்பாய் 12 வாங்கி குடுத்தோம், 7 திரும்பி வந்துச்சு. மிச்சம் 5 எந்தெந்த கடை மேல கட்டியிருக்குன்னு தெனமும் பாத்துக்கிட்டுதான் போறேன். பொங்கலுக்கு கோலப்போட்டி.

இனி பாத்ரூம் விஷயம். இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், வருஷம் பூரா வசவு வாங்கினது நான்தான்.

போன ஆடில நடந்தது. நம்ம பூக்கடை அக்கா திருநங்கைன்னு எல்லாருக்கும் தெரியும். காலைல 3 மணிக்கு பூ மூட்டை எறக்க வந்தாங்கன்னா மத்தியானம் 2 மணி வரைக்கும் இங்கதான். அவங்க லேடீஸ் பக்கம் போனப்ப ரெண்டு பேரு கதவ மறிச்சி நின்னுட்டாங்க, சரின்னு ஜென்ட்ஸ் பக்கம் போனா அங்க கிண்டலு, ஒரு நாளு ஒருத்தன் கைய புடிச்சி இழுத்திருக்கான். அதுக்கப்புறம் அவங்க காலைல தண்ணியே குடிக்கறதில்ல, கடைசில யூரின் இன்ஃபெக்ஷன்னு ஆஸ்பத்திரில படுத்தாங்க. படுத்திருந்த மாசமும் சந்தா 5ஆம் தேதி வந்துடுச்சு, பையன் கைல குடுத்தனுப்பிட்டாங்க. இத சும்மா சொல்லல.

நான் ஒரு வக்கீல பாத்து கேட்டேன். 2014 ஏப்ரல் 15, நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு, ஒருத்தரு ஆணா பெண்ணா மூணாம் பாலினமாங்கறத அவங்கதான் சொல்லணும்னு இருக்கு. அப்புறம் 2019ல திருநர் பாதுகாப்பு சட்டம், 2020 ஜனவரி 10ல இருந்து அமல்ல இருக்கு. பொதுமக்களுக்குன்னு இருக்கற எந்த வசதியையும் இவங்களுக்கு மறுக்கக்கூடாதுன்னு 3வது பிரிவு, பொது இடத்துல தடுத்தா 6 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும் ஜெயில்னு 18வது பிரிவு. அந்த பாத்ரூம் சாவி சங்கத்துது, சங்கத்து பேர்ல கையெழுத்து போடறது நான், அப்ப உள்ள போகப்போறது யாரு? கதவ மறிச்சவங்க வந்து ஜாமீன் எடுப்பாங்களா?

சட்டத்துல எந்த கதவு வழியா போகணும்னு வெவரமா எழுதல, அது உண்மைதான், மறைக்கல. ஆனா தூய்மை இந்தியா திட்டத்துக்கு மத்திய அரசு 2017ல குடுத்த வழிகாட்டுதல்ல, பொது கழிப்பறைல ஆண் பக்கமோ பெண் பக்கமோ அவங்க விருப்பப்படி போகலாம்னு இருக்கு. பொருளாளர் அண்ணன், அந்த 2014 தீர்ப்புலயே தனி கழிப்பறைன்னு இருக்கேன்னு மடக்கினாரு. இருக்குதான். அரசாங்கம் கட்டிக்குடுக்கணும்னு இருக்கு, கட்டற வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காருன்னு இல்ல. சங்கமே தனியா ஒண்ணு கட்டலாமான்னு அக்காகிட்டயே கேட்டேன், "மார்க்கெட்ல நான் ஒருத்திதான், கட்டினா எம்பேர எழுதி மாட்டின மாதிரிதான தம்பி"ன்னாங்க.

இன்னொருத்தரு, கார்டு காட்டிட்டு போகட்டும்னாரு. கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கற சான்றிதழ் அவங்ககிட்ட இருக்கு, நான்தான் கூட போயி வாங்கிக் குடுத்தேன். இருந்தாலும் கேக்கறேன், நம்மள்ல யாரு ஆதார எடுத்துக்கிட்டு ஒண்ணுக்கு போறோம்? லண்டன்ல கோர்ட்டே இவங்க லேடீஸ் பக்கம் வேணாம்னு சொல்லிடுச்சின்னு ஒருத்தரு வாட்ஸப்ல வந்தத அனுப்பறாரு. 2025 ஏப்ரல் 16ல அங்க தீர்ப்பு வந்தது நெஜம், அவங்க சமத்துவ சட்டத்துல பெண்ணுன்னா பொறப்பால பெண்ணுன்னுதான் அர்த்தம்னு. அது அவங்க 2010 சட்டத்துக்கு சொன்ன வெளக்கம், தர்மபுரி மார்க்கெட்டுக்கு செல்லாது. இத்தனைக்கும் இந்தியாவுலயே மொதல் திருநங்கை எஸ்.ஐ. பிரித்திகா யாஷினி 2017ல வேலைக்கு வந்து சேந்தது நம்ம தர்மபுரிலதான். அப்ப பெருமை பேசினவங்கதான் இப்ப கதவுகிட்ட நிக்கறாங்க.

பொம்பளைங்க சொன்னத நான் கேக்கலன்னு ஒரு பேச்சு ஓடுது, அது பொய். செப்டம்பர்ல பெண் மெம்பர்ங்கள மட்டும் தனியா கூப்பிட்டு உக்கார வச்சோம், 14 பேரு வந்தாங்க. யாராவது ஆம்பள பொடவைய சுத்திக்கிட்டு உள்ள வந்துட்டா என்ன பண்றதுன்னு கீரைக்கார அம்மா கேட்டாங்க. அந்த பயம் தப்புன்னு நான் சொல்லமாட்டேன். அப்படி ஒருத்தன் வந்தா அவன் மேல போலீஸ்ல கேஸ், அதுக்காக இவங்கள வெளிய நிறுத்த முடியாதுன்னேன். பேசப்பேச வெளிய வந்தது வேற கத. நாலு ரூம்ல ரெண்டுக்கு தாப்பாளே இல்ல, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவ புடிச்சிக்கணும், கதவு கீழ ஒரு ஜாண் சந்து, விடியக்காலைல லைட்டு கெடயாது, நாப்கின் போட டப்பா இல்ல. இப்படி 6 வருஷமா ஓடியிருக்கு, ஒரு ஆம்பள மெம்பருக்கும் தெரியல, எனக்கும்தான்.

நாலு கதவும் மாத்தினோம், உள்தாப்பாள், ரெண்டு எல்இடி லைட்டு, ஒரு குப்பை டப்பா. ஜென்ட்ஸ் பக்கமும் ஒரு ரூமுக்கு கதவு போட்டாச்சி, நாளைக்கு ஒரு திருநம்பி (பெண்ணா பொறந்து ஆணா வாழறவரு) வேலைக்கு வந்தா அவரு எங்க போவாருன்னு அக்காதான் கேட்டாங்க, எனக்கு தோணவே இல்ல. இப்ப அவங்க லேடீஸ் பக்கம்தான் போறாங்க. மறிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரு அவங்ககிட்டயே மல்லி வாங்கறாங்க, இன்னொருத்தரு இன்னும் மூஞ்ச திருப்பிக்கிட்டுதான் போறாங்க, போகட்டும்.

கணக்கு பொருளாளர்கிட்ட நோட்டுல இருக்கு. சுருக்கமா சொன்னா சந்தால வந்தது, மகமைல வந்தது, கதவுக்கு போனது, தார்ப்பாய்க்கு போனது, கைல நிக்கறது கொஞ்சம்தான். கதவுக்கு கொறஞ்சத நான் கைல இருந்து போட்டிருக்கேன், எவ்வளவுன்னு கேக்காதீங்க, வீட்ல தெரிஞ்சா வம்பு.

தலைவருக்கு, பொருளாளருக்கு, பாதி கூலிக்கு செஞ்சிக் குடுத்த கார்பென்டர் அண்ணனுக்கு நன்றி.

மாச சந்தா 100 ரூபா. 84 பேர்ல ஒழுங்கா கட்டறது 31. பாத்ரூம் பிரச்சனைல ரொம்ப சத்தம் போட்ட 6 பேர நோட்டுல பாத்தேன், 4 பேருக்கு வருஷம் பூரா பாக்கி. அடுத்த வருஷம் செயலாளரா வேற யாராச்சும் வந்தா சந்தோஷமா சாவிய குடுத்துடறேன், ஆனா ஜூலைக்குள்ள செப்டிக் டேங்க் எடுக்க லாரி கூப்பிட்டாகணும், லாரிக்காரன் முன்பணம் இல்லாம வரமாட்டான். பாக்கிக்காரங்க லிஸ்ட்ட இந்த கூட்டத்துல நான் வாசிக்கல. 30ஆம் தேதி வரைக்கும் கடைலதான் இருப்பேன்.