தொண்ணூறாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்: வங்கி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகங்கை மாவட்ட வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். 2020-ல் கொரோனா அவசரக் கடன் வந்தபோது பலருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். இப்போது கட்ட முடியாமல் நிற்பவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள்.

அதில் ஒருவர் ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் பட்டறை நடத்தும் அக்கா. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும், பளபளப்பு கல்லில் நிற்கும். ஊரடங்கு போட்ட அன்று தொட்டியில் கிடந்த கற்களை எடுக்கக்கூட ஆள் வரவில்லை. அவருக்கு ஏற்கெனவே 10 லட்சம் கடன். 2020 பிப்ரவரி 29 நிலுவையில் 20 சதவீதம், அதாவது 2 லட்சம், புதிதாக அடமானம் கேட்காமல் 9.25 சதவீத வட்டியில் கொடுத்தீர்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. முதல் வருடம் வட்டி மட்டும், மாதம் 1,500 சொச்சம். பதின்மூன்றாம் மாதம் அதுவே 6,400 பக்கம் ஏறியது. வீடு கட்டுகிறவர்கள் ஆர்டரைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நேரம். அங்கேதான் முறிந்தது.

"கவர்மெண்ட் லோன்தானே தம்பி, தள்ளுபடி ஆயிரும்னாங்க" என்றார் அக்கா. அரசு உத்தரவாதம் கொடுத்தது வங்கிக்கு, அவருக்கு அல்ல. கையெழுத்து வாங்கும்போது இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை, அந்தக் குறை என் தலையிலும் உண்டு.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் இருக்கிறது. தடுமாறும் சிறு தொழில்களைத் தூக்கிவிட 2015 மே மாதம் மத்திய அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதை உங்களுக்கு அனுப்பியது. 25 கோடி வரை கடன் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தவணை தவறி 30 நாள், 60 நாள், 90 நாள் என்று நீங்கள் கணக்கைப் பிரித்து வைப்பதே, 90 நாள் தாண்டி வாராக் கடன் ஆகுமுன் ஏதாவது செய்யத்தான். 10 லட்சம் வரையிலான கடன் என்றால் கிளை மேலாளரே முடிவெடுக்கலாம், அதற்கு மேல் போனால் குழு. தவணைக் காலத்தை நீட்டலாம், கடனைச் சீரமைக்கலாம். தொழில் செய்பவரே முன்வந்தும் கேட்கலாம். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்றது. ஆனால் கணக்கு வாராக் கடன் ஆவதற்குள் தான் சிறு தொழில்தான் என்பதற்கு ஆதாரம் காட்டுவது கடன் வாங்கியவர் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டது. நடைமுறை இருப்பதே தெரியாதவர் எதைக் கொண்டுவந்து காட்டுவார்?

அக்காவுக்காக நான் போய்க் கேட்டபோது, ஒரு கிளையில் "அப்படி ஒரு சர்க்குலர் எங்களுக்கு வரலையே" என்றார்கள். கணக்கு அதற்குள் வாராக் கடன் பட்டியலுக்குப் போயிருந்தது. இனி அவருக்கு இருப்பது சமரசத் தீர்வு, மக்கள் நீதிமன்றம், இல்லையென்றால் 60 நாளில் கட்டாவிட்டால் அடமானச் சொத்தை எடுத்துக்கொள்வோம் என்ற நோட்டீஸ். சமரசம் என்றாலும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த கடன் லேசில் கிடைக்காது.

கடன் கொடுத்தவன் கதை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. என் தாத்தா பர்மாவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர். 1930-ல் நெல் விலை சரிந்து, விவசாயிகளால் கட்ட முடியாமல் போயிற்று. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த ஆண்டு செட்டியார்கள் கையில் இருந்த வயல் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கியதில்லை, ரொக்கம் வராததால் வந்து சேர்ந்த நிலம். நெல்லுக்கு விலை இல்லாதபோது வயலை விற்று யாரிடம் காசாக்குவது? 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், பின்னால் 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. பேரேட்டில் இருந்த தொகை பேரேட்டிலேயே நின்றது. ஓடாத கல் பட்டறையை ஏலத்தில் எடுக்க இன்றைக்கு ஆத்தங்குடியில் யார் வருவார் என்று நினைக்கிறீர்கள்?

2023 மார்ச் வரை கொடுத்த அவசரக் கடன்களில் 5, 6 வருடத் தவணை உள்ளவையும் உண்டு. அவை இன்னும் உயிரோடு இருக்கும் கணக்குகள். முதல் தவணை தவறிய மாதமே, வசூல் ஆளுக்கு முன்னால் ஒரு தமிழ்க் கடிதம் போகட்டும்: இப்படி ஒரு வழி இருக்கிறது, சிறு தொழில் என்பதைக் காட்டும் உத்யம் பதிவுச் சான்றோடு வாருங்கள் என்று. அதே வரியை கிளை அறிவிப்புப் பலகையில், நகைக்கடன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மனு கொண்டுவந்தால் வாங்கி முத்திரை போட்ட நகல் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போக அவர்களுக்கு அந்தக் காகிதம் வேண்டும்.

வரும் திங்கட்கிழமை மூன்று மனுக்களோடு வருகிறேன்: ஒரு பலகாரக் கடை, ஒரு தறிக்காரர், ஒரு சமையல் காண்ட்ராக்ட்காரர். மூவருக்கும் இன்னும் 60 நாள் தாண்டவில்லை.

இப்படிக்கு,
கணக்கெழுதும் ஒருவன்,
காரைக்குடி