நூறு கடிதம் வேண்டாம், ஒன்று போதும்

அன்புள்ள கயல்,

உன் கடிதமும், கே-பாப் (கொரிய பாப் இசை) பாடகர்களின் ஒப்பந்தங்களைப் பற்றி நீ இணைத்திருந்த பத்திரிகைக் கட்டுரையும் வந்து சேர்ந்தன. தலைப்பில் "அடிமை ஒப்பந்தம்" என்று பார்த்ததுமே உங்கள் ரசிகர் குழு கொதித்துப்போய்விட்டது, ஒரே கடிதத்தை நூறு பேர் ஆசிரியருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் பொறுக்கச் சொல். கட்டுரையை மூன்று தடவை படித்தேன். அதில் பிழை இருக்கிறது. மறுக்க முடியாத உண்மையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அடித்தால் பிழை தப்பித்துவிடும்.

பிழை முதல் பத்தியிலேயே இருக்கிறது. ஐடல்கள் (ஏஜென்சி பயிற்சி கொடுத்து அறிமுகப்படுத்தும் பாடகர்கள்) 13 வருட ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று இன்றைய நிலை போல எழுதியிருக்கிறார்கள். அது டிவிஎக்ஸ்க்யூ என்ற பாடகர் குழுவின் கணக்கு. 2009 ஜூலையில் ஜேஜூங், யூச்சன், ஜூன்சு மூவரும் தங்கள் ஏஜென்சியான எஸ்எம் என்டர்டெயின்மென்ட்டை எதிர்த்து சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனபோது வெளியே வந்தது. அக்டோபரில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் அவர்கள் பக்கம் பெருமளவு சாய்ந்தது. அதே வருடம் கொரிய நியாய வர்த்தக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்து 7 வருடம் என்று வரம்பு வைத்தது. ஒவ்வொரு குழுவுக்கும் நாம் விரல் விட்டு எண்ணுகிற "ஏழு வருட சாபம்", அதாவது ஒப்பந்தம் முடியும்போது குழு உடைந்துவிடுமோ என்ற பயம், அங்கிருந்து பிறந்ததுதான். 2011-ல் பிபிசி அந்த வழக்கைப் பற்றி எழுதியபோது அது சூடான செய்தி. அதன் பிறகு பலர் பழைய பத்தியை எடுத்துத் தூசி தட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் "எல்லாம் மாறிவிட்டது" என்று நீங்கள் பதில் எழுதினால் நீங்களும் தப்பு. டிரெய்னியாக, அதாவது அறிமுகத்துக்கு முன் பயிற்சியில், இருக்கும் வருடங்கள் அந்த ஏழில் சேராது. அதற்குத் தனி ஒப்பந்தம். பாதியில் விலகும் டிரெய்னி, தனக்காகச் செலவழித்த தொகையைப் போல இரண்டு மூன்று மடங்கு அபராதம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து புழக்கத்தில் இருந்தது. 2017-ல் அதே ஆணையம் எட்டு ஏஜென்சிகளைத் திருத்தச் சொன்ன பிறகுதான் அது அடங்கியது.

அடுத்தது வருமானப் பங்கீடு. கட்டுரையின் நல்ல பகுதி இதுதான், உங்கள் வரைவு இதைத் தொடவே இல்லை. வரவிலிருந்து முதலில் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். உதாரணத்துக்கு, அறிமுகத்துக்குச் செலவு 20 கோடி வோன், முதல் வருட வரவு 15 கோடி என்று வைத்துக்கொள். 5 கோடி பாக்கி. அடுத்த கம்பேக்குக்கு (புதுப் பாட்டோடு மேடைக்குத் திரும்புவது) பாட்டு, நடனம், வீடியோ, உடை என்று இன்னொரு 10 கோடி போட்டால் பாக்கி 15 ஆகிறது. ஆல்பம் நன்றாக விற்றும் பிள்ளைகள் கையில் ஒரு வோன் வராமல் வருடங்கள் ஓடுவது இப்படித்தான். சில பெரிய ஏஜென்சிகள் பயிற்சிச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. சின்ன ஏஜென்சியில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. "எங்கள் குழு லட்சம் ஆல்பம் விற்றது, அவர்களுக்கு என்ன குறை" என்ற வரியை அடித்துவிடு. விற்பனை வேறு, கையில் வருவது வேறு.

சட்டப் பாதுகாப்பு பற்றியும் கட்டுரை சொல்வது சரிதான். 2014-ல் வந்த சட்டம் வயது குறைந்தவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தது: 15 வயதுக்குக் கீழே வாரம் 35 மணி, அதற்கு மேல் 40. நல்ல விஷயம். ஆனால் நியூஜீன்ஸ் குழுவின் ஹன்னி 2024 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து வேலையிடத் துன்புறுத்தல் பற்றிப் பேசிய பிறகும், தொழிலாளர் சட்டப்படி அவர் தொழிலாளி அல்ல என்று சொல்லி நவம்பரில் புகாரை மூடிவிட்டார்கள். அதனால் வேலையிடத் துன்புறுத்தல் சட்டம் அவருக்குப் பொருந்தாது. இதைப் படித்துவிட்டு நிருபர் மேல் கோபப்படுவதில் என்ன பொருள் இருக்கிறது, சொல்?

எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. பாடகர் ஜங் ஜூன்-யங் தன் காதலியாக இருந்த பெண்ணை ரகசியமாகப் படமெடுத்தார் என்ற புகாரை 2016-ல் ஒரு பெண் நிருபர் வெளியிட்டார். ரசிகர்கள் அந்த நிருபர் மேல் பாய்ந்தார்கள். நடு ராத்திரியில் தொலைபேசியில் வசை. வழக்கு மங்கிப்போனது, ஜங் டிவிக்குத் திரும்பினார். 2019-ல் பர்னிங் சன் என்ற இரவு விடுதி விவகாரத்தோடு அரட்டைக் குழுப் பதிவுகள் வெளியே வந்தபோதுதான் அந்த நிருபர் எழுதியது எதன் நுனி என்று தெரிந்தது. ஜங்குக்கு 6 வருடம் தண்டனை, மேல்முறையீட்டில் 5 ஆனது. 2019-ல் அந்த அரட்டையை வெளிக்கொண்டுவந்தவரும் ஒரு பெண் நிருபர்தான். அரட்டையில் பேசப்பட்ட போலீஸ் அதிகாரி யார் என்று தெரியாமல் அவர் தவித்தபோது, தனக்குத் தெரிந்த பாடகர் ஒருவரிடம் பேசி அவரைச் சொல்ல வைத்தவர் கூ ஹாரா. காரா ஐடல் குழுவின் ஹாரா! 2024 மே மாதம் வந்த பிபிசி ஆவணப்படத்தில் இது விவரமாக வருகிறது. கொடிய வசைகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டிருந்த பெண், ஒரு நிருபருக்குத் தோள் கொடுத்தார். 2019 நவம்பரில் அவர் இறந்துபோனார். ஐடலைக் காப்பாற்றுகிறோம் என்று நிருபரை அடிக்கக் கிளம்பும் யாரிடமும் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ரசிகர்கள் இதைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்கள். ப்ரொட்யூஸ் எக்ஸ் 101, ரசிகர்கள் வாக்கில் ஐடல் குழுவைத் தேர்ந்தெடுத்த டிவி போட்டி, ஞாபகம் இருக்கிறதா? 2019 ஜூலை 19 இறுதிச் சுற்று. முதலிடம் 13,34,011 வாக்கு, இரண்டாமிடம் 13,04,033. வித்தியாசம் 29,978. மூன்றுக்கும் நாலுக்கும் இடையே அதே 29,978. ஆறுக்கும் ஏழுக்கும், ஏழுக்கும் எட்டுக்கும் இடையிலும் அதே. காசு கட்டிக் குறுஞ்செய்தி அனுப்பிய பிள்ளைகள் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார்கள். எல்லா வாக்கு எண்ணிக்கையும் 7494.442-இன் மடங்கு என்று கண்டுபிடித்தார்கள். நீயே போட்டுப் பார், முதலிடம் 178 மடங்கு, இரண்டாமிடம் 174. கத்தவில்லை, எண்களை வரிசையாக எழுதிவைத்தார்கள், வக்கீல் வைத்துப் புகார் கொடுத்தார்கள். நவம்பரில் தயாரிப்பாளர் கைதானார், 2020 மே மாதம் 2 வருடச் சிறை. பத்திரிகைகள் பிறகு எழுதியதெல்லாம் இந்தக் கணக்கின் மேல் நின்றுதான்.

இனி உங்கள் கடிதம். ஒரே வாசகத்தில் நூறு மின்னஞ்சல் போனால் பாதி ஸ்பேமில் விழும், மீதியை ஆசிரியர் குழு ஒரே கடிதமாகத்தான் எண்ணும். ஒருவர் எழுதினால் போதும். பொருள் வரியில் கட்டுரையின் தலைப்பும் தேதியும் மட்டும் இருக்கட்டும். நிருபரின் சொந்தப் பக்கத்துக்குப் போகாதீர்கள், திருத்தங்களுக்கென்று பத்திரிகை கொடுத்திருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். முதல் வரியிலேயே எந்தப் பத்தி, எந்த வாக்கியம் என்று சொல். பிறகு சரியான தகவல், அதற்கு ஆதாரமான கொரிய மூலம், தேதி. ஒரு கடிதத்தில் ஒரு பிழை. அவர்களை மன்னிப்புக் கேட்கச் சொல்லாதே, திருத்தம் கேள். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் விஷயம் கௌரவப் பிரச்சினையாகிவிடும். திருத்தம் என்றால் உதவி ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். தலைப்பை நிருபர் எழுதியிருக்க மாட்டார், பெரும்பாலும் ஆசிரியர் குழு வைப்பது. தலைப்புக்காக அவரைத் திட்டுவது நியாயமில்லை.

மேற்கோள்களை மொழிபெயர்ப்பில் பார்த்து நம்பாதே. 2022 ஜூன் 14 அன்று பிடிஎஸ் இரவு உணவு வீடியோவில் ஆங்கிலத் துணைவரி ஒரு சொல்லை "ஹயேட்டஸ்" (இடைநிறுத்தம்) என்று போட்டது. குழுவே நின்றுபோனது போல உலகம் முழுக்கத் தலைப்பு வந்தது. மறுநாள் அவர்களின் நிறுவனமான ஹைப்பின் பங்கு விலை ஏறக்குறைய கால்பங்கு சரிந்தது. தனித்தனியாகவும் வேலை செய்வார்கள், குழு கலையவில்லை என்று நிறுவனம் விளக்க வேண்டியதாயிற்று. கொரியச் செய்திகளில் பெயருக்குப் பதிலாக "ஏ என்பவர்" என்று போடுவதையும் கவனி. அங்கே உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு பாயும். இணையத்தில் பழிக்கும் நோக்கத்தோடு சொன்னால் 3 வருடம் வரை சிறை அல்லது 3 கோடி வோன் வரை அபராதம். அதனால் அவர்கள் பெயரை மறைக்கிறார்கள், மொழிபெயர்ப்பவர்கள் ஊகத்தில் பெயரை நிரப்புகிறார்கள். வதந்தியின் பாதி அந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

இன்னொன்று. "ரசிகர்கள்" என்று கட்டுரை ஒரே சொல்லில் அடைத்திருப்பது உனக்கு வலித்தது என்றாய். நியாயம். 2024 அக்டோபரில் ரைஸ் குழுவுக்கு சங்ஹான் திரும்புகிறார் என்று அறிவித்ததும் எஸ்எம் கட்டடத்தின் முன் சுமார் ஆயிரம் இரங்கல் மலர்வளையங்கள் வந்து நின்றன. முக்காலி மேல் நிற்கும் வெள்ளைப் பூ வளையம், இரண்டு பக்கமும் தொங்கும் நாடாவில் "விலகு" என்கிற பொருளில் வாசகம். இரண்டே நாளில் அவர் விலகினார். அந்த வளையங்களைப் பார்த்து அழுது, அவர் திரும்ப வேண்டும் என்று எழுதியவர்களும் அதே குழுவின் ரசிகர்கள்தான். இதை இரண்டாவது கடிதமாகத் தனியே எழுது. முதல் கடிதத்தோடு சேர்க்காதே.

வரைவைத் திருத்தி அனுப்பு, ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துத் தருகிறேன். ஏஜென்சி அவர்களைக் குடும்பம் போலப் பார்த்துக்கொள்கிறது என்ற கடைசி வரியை மட்டும் இப்போதே எடுத்துவிடு.

அன்புடன்,
மீனா