ஆசிரியருக்கு: டிஸ்னி – ஃப்ளோரிடா கேஸ் பத்தி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழ்ல டிஸ்னி கம்பெனிக்கும் ஃப்ளோரிடா அரசாங்கத்துக்கும் நடந்த கேஸ் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். நான் ஆர்லாண்டோவுக்கு மேற்கால ஆரஞ்சு கவுன்ட்டியில 11 வருஷமா குடியிருக்கேன், ராத்திரி டிஸ்னியோட மேஜிக் கிங்டம் பார்க்ல வாணவேடிக்கை விட்டா எங்க வீட்டு கொல்லைப்பக்கம் வரைக்கும் சத்தம் கேக்கும், அதனால இதை கொஞ்சம் பக்கத்துல இருந்தே பாத்தவ. "பெரிய கம்பெனியோட கொட்டத்தை அரசாங்கம் அடக்கிடுச்சு, டிஸ்னி பண்ணது தப்புன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு கட்டுரை முடியுது. கோர்ட் அப்படி சொல்லல சார். எனக்கு இருக்கற வருத்தமே, தனக்குப் பிடிக்காததைப் பேசினதுக்காக அரசாங்கம் ஒருத்தரைப் பழிவாங்கலாமாங்கற முக்கியமான கேள்விக்கு மேல்கோர்ட் பதில் சொல்லாமலே இந்த கேஸ் முடிஞ்சு போச்சுங்கறதுதான்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன். டிஸ்னிக்கு இருந்த சலுகை நியாயமான சலுகை கிடையாது. 1967-ல ஃப்ளோரிடா சட்டசபை ரீடி கிரீக்னு ஒரு தனி மாவட்டம் மாதிரி உண்டாக்கி கொடுத்தாங்க, ஆரஞ்சு, ஒசியோலான்னு ரெண்டு கவுன்ட்டியிலயும் சேர்த்து கிட்டத்தட்ட 25,000 ஏக்கர், அதுக்குள்ள ரோடு போடறது, சாக்கடை, தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாமே அவங்க போர்டு கையில, வேணும்னா ஏர்போர்ட்டும் அணு மின் நிலையமும் கூட கட்டிக்கலாம்னு அந்த சட்டத்துலயே இருந்தது. வால்ட் டிஸ்னி அங்க ஜனங்க குடியிருக்கற ஒரு புது நகரமே கட்டப்போறேன்னு சொல்லித்தான் இந்த திட்டத்தை ஆரம்பிச்சார், அவர் 1966 டிசம்பர்லயே இறந்துட்டார், அந்த நகரம் அவர் சொன்ன மாதிரி வரவே இல்ல, ஆனா அதிகாரம் மட்டும் அப்படியே நின்னுச்சு. போர்டுக்கு ஓட்டுப் போடறது நிலம் வெச்சிருக்கறவங்க, நிலம் பெரும்பாலும் டிஸ்னியோடது. ஒரு மில் முதலாளியே பஞ்சாயத்து தலைவராவும் உக்காந்து தன் மில்லுக்கு தானே பிளான் அப்ரூவல் போட்டுக்கற கதைதான். இதை எடுத்தே ஆகணும்னு யாராவது 20 வருஷம் முன்னாடி கேட்டிருந்தா நானும் கையெழுத்து போட்டிருப்பேன்.

ஆனா அரசாங்கம் அதுக்காகவா எடுத்தாங்க? 2021-ல இதே அரசாங்கம் சோஷியல் மீடியா கம்பெனிகளை கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டு வந்தப்போ, 25 ஏக்கருக்கு மேல தீம் பார்க் வெச்சிருக்கற கம்பெனிக்கு அந்த சட்டம் பொருந்தாதுன்னு ஒரு வரி சேர்த்தாங்க. அப்போ டிஸ்னி அவ்வளவு வேண்டப்பட்டவங்க. அடுத்த வருஷம் மார்ச்ல, சின்ன வகுப்புல பாலின விஷயம் பாடம் எடுக்கக்கூடாதுன்னு கவர்னர் ரான் டிசாண்டிஸ் ஒரு சட்டம் கொண்டு வந்தார், டிஸ்னி தலைவரா இருந்த பாப் சேப்பக் முதல்ல வாயே திறக்கல, அவங்க ஊழியர்களே எதிர்ப்பு காட்டின பிறகுதான் நாங்க இதுக்கு எதிர்னு அறிவிச்சார். அவ்வளவுதான் சார், அடுத்த மாசமே, 2022 ஏப்ரல்ல, சிறப்புக் கூட்டத் தொடர்ல ரீடி கிரீக்கை கலைக்கற சட்டம் பாஸ் ஆகிடுச்சு, அந்த சோஷியல் மீடியா விலக்கும் போச்சு. அந்த பாட சட்டம் சரியா தப்பாங்கறது வேற பேச்சு, அப்போ என் பொண்ணு மூணாவது படிச்சிட்டிருந்தா, ஒரு அம்மாவா எனக்கே அதுல ரெண்டு மனசு உண்டு. ஆனா 55 வருஷமா கண்ணுல படாத சலுகை ஒரு அறிக்கை விட்ட மறு மாசம் கண்ணுல படுதுன்னா அது எதுக்குன்னு குழந்தைக்குக் கூட தெரியும்.

அந்த ஏப்ரல் மாசம் எங்க தெருவுல எல்லாரும் பேசினது ஒண்ணே ஒண்ணுதான். ரீடி கிரீக் பேர்ல சுமார் 100 கோடி டாலர் கடன் பத்திரம் இருந்தது, மாவட்டத்தை கலைச்சா அந்த கடன் யார் தலையில விடியும்? டிஸ்னி கவுன்ட்டிக்கு கட்டற வரி போக அந்த மாவட்டத்துக்குன்னு தனியா ஒரு வரி கட்டிட்டு இருந்தாங்க, அதுலதான் கடனும் அடைஞ்சது, தீயணைப்பு வண்டியும் ஓடுச்சு. மாவட்டம் போனா கடன் ரெண்டு கவுன்ட்டி ஜனங்களுக்கு வந்துடும்னு சொன்னாங்க. பக்கத்து வீட்டு ரிட்டையர்ட் டீச்சரம்மா நவம்பர்ல வர்ற சொத்து வரி பில்லை எடுத்துட்டு வந்து எங்க சமையல்கட்டு மேஜையில விரிச்சு வெச்சு, இதுல எந்த வரி ஏறும்னு விரலை வெச்சு வரி வரியா கேட்டாங்க, எனக்கு பதில் சொல்லத் தெரியல. அவங்க டிஸ்னி பக்கமும் இல்ல, கவர்னர் பக்கமும் இல்ல, பென்ஷன்ல வாழறவங்க. நல்லவேளை கலைக்கல. 2023 பிப்ரவரியில வேற சட்டம் போட்டு மாவட்டத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, பேரை மத்திய ஃப்ளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம்னு மாத்தி, அஞ்சு பேர் போர்டையும் கவர்னரே நியமிக்கற மாதிரி பண்ணிட்டாங்க. உங்க கட்டுரையில "ஒழிச்சுட்டாங்க"ன்னு இருக்கு, அது தப்பு. அதிகாரம் பெரும்பாலும் அங்கயேதான் இருக்கு, நாற்காலியில உக்கார்ற ஆள்தான் வேற.

டிஸ்னியும் சும்மா இருக்கல, அதையும் சொல்லணும். பழைய போர்டு போறதுக்கு முன்னாடி, அதே பிப்ரவரி 8-ஆம் தேதி, நிலத்து மேல ஒரு பெரிய வில்லங்கத்தை ஏத்தி வெச்சுட்டுப் போயிட்டாங்க. புது போர்டு கையைக் கட்டற மாதிரி 30 வருஷ ஒப்பந்தம் ஒண்ணு, அது போக இன்னொரு பத்திரம், அதுல இங்கிலாந்து ராஜா மூணாம் சார்லஸோட வாரிசுகள்ல அன்னைக்கு உயிரோட இருக்கறவங்கள்ல கடைசி ஆள் இறந்து 21 வருஷம் ஆகற வரைக்கும் செல்லும்னு எழுதியிருந்தாங்க. படிக்க விசித்திரமா இருக்கும், ஆனா முடிவே இல்லாத கட்டுப்பாட்டை கோர்ட் ஏத்துக்காதுங்கறதால பழைய இங்கிலீஷ் சட்டத்துல வர்ற வழக்கம் அது. எனக்கு உறுத்தினது வேற. ரெண்டு தடவை பேப்பர்ல விளம்பரம் கொடுத்தோம், பொதுக்கூட்டத்துலதான் பாஸ் பண்ணோம்னு டிஸ்னி சொன்னாங்க, அது உண்மைதான், ஆர்லாண்டோ சென்டினல்ல ஜனவரியில வந்திருக்கு. நான் தினமும் அந்த பேப்பர் பாக்கறவ, ஆனா அந்த பொடி எழுத்து விளம்பரத்தை நான் பாக்கல, புது போர்டுக்கும் மார்ச் கடைசியிலதான் விஷயம் வெளிய வந்தது. வில்லங்க சர்ட்டிபிகேட் போட்டுப் பாக்காம இடம் வாங்கினவங்க நிலைமைதான் அவங்களுக்கு.

ஏப்ரல் 26, புது போர்டு அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு தீர்மானம் போட்ட அன்னைக்கே டிஸ்னி டல்லஹாஸி ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட்டாங்க, அஞ்சு நாள் கழிச்சு போர்டு தன் பங்குக்கு மாநில கோர்ட்ல போட்டுச்சு. ஃபெடரல் கேஸ்ல முதல்ல இருந்த ஜட்ஜ் மார்க் வாக்கர், தன் சொந்தக்காரர் ஒருத்தர் 30 டிஸ்னி ஷேர் வெச்சிருக்கார்னு தெரிஞ்சு விலகிக்கிட்டார், 30 ஷேர்தான், ஆனாலும் விலகினார், அந்த மனுஷனை நான் மதிக்கிறேன். அடுத்து வந்த ஜட்ஜ் ஆலன் வின்சர் 2024 ஜனவரி 31-ல கேஸை தள்ளுபடி பண்ணினார். ஏன் பண்ணினார்ங்கறதுதான் முக்கியம். கவர்னர் மேல கேஸ் போட டிஸ்னிக்கு இந்த விஷயத்துல உரிமை இல்லன்னார். சட்டத்தோட வாசகத்துல குறை இல்லன்னா, அதைப் போட்டவங்க மனசுல பழிவாங்கற எண்ணம் இருந்துச்சான்னு தோண்டிப் பார்த்து அதை ரத்து பண்ண முடியாதுன்னார். பழிவாங்கலன்னு அவர் சொல்லல, டிஸ்னி பேசினது தப்புன்னும் சொல்லல.

இந்த இடத்துலதான் சார் எனக்கு தூக்கம் வரல. இது சரின்னா, ஒரு அரசாங்கம் தனக்குப் பிடிக்காததைப் பேசினவங்களை நேரா தண்டிக்க வேண்டாம், சட்டத்தை மட்டும் நல்லபடியா எழுதிட்டா போதும்னு ஆகிடுமே? டிஸ்னி வேற குற்றச்சாட்டு எல்லாத்தையும் முன்னாடியே விட்டுட்டு பேச்சுரிமை ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டுத்தான் அட்லாண்டா அப்பீல் கோர்ட்டுக்குப் போனாங்க, அங்க ஒரு பதில் கிடைக்கும்னு நெனச்சேன். மார்ச் 27-ல மாநில கோர்ட் கேஸ்ல சமரசம், பிப்ரவரி ஒப்பந்தங்கள் செல்லாதுன்னு டிஸ்னி ஒத்துக்கிட்டாங்க, ஜூன்ல போர்டு கூட புது 15 வருஷ ஒப்பந்தம், 1,700 கோடி டாலர் வரைக்கும் முதலீடுன்னு பேச்சு, அப்பீலும் வாபஸ். ரெண்டு பேருக்கும் வேண்டியது கிடைச்சுது. அவ்வளவு பணமும் வக்கீலும் இருக்கற கம்பெனியே பதில் வாங்காம எழுந்து போயிட்டா, நாளைக்கு ஒரு சின்ன பள்ளிக்கூடமோ கோயில் டிரஸ்ட்டோ இதே நிலைமையில மாட்டினா எதை வெச்சு வாதாடும்?

நடுவுல நஷ்டப்பட்டவங்க பேர் எந்த ஒப்பந்தத்துலயும் இல்ல. ஆர்லாண்டோவுல லேக் நோனா பகுதியில டிஸ்னி கட்டறதா இருந்த சுமார் 100 கோடி டாலர் வளாகமும் அதோட வரவேண்டிய 2,000 வேலையும் 2023 மே மாசம் போச்சு, வியாபார சூழ்நிலைதான் காரணம்னு கம்பெனி சொன்னாங்க. மாவட்டத்துல வேலை பாக்கற தீயணைப்பு வீரங்க, ரோடு வேலை ஆளுங்க குடும்பத்துக்கு வருஷக்கணக்கா கிடைச்ச பார்க் ஃப்ரீ பாஸை புது போர்டு 2023 ஆகஸ்ட்ல நிறுத்தினாங்க, அந்த பாஸுக்கு மாவட்டம் கட்டற பணம் டிஸ்னிக்கே திரும்பிப் போகுது, வருஷத்துக்கு 25 லட்சம் டாலர் செலவுன்னு காரணம் சொன்னாங்க. கணக்கு சரியா இருக்கலாம், ஆனா அந்த ஆளுங்க யாரையும் எதிர்த்துப் பேசினவங்க இல்ல.

அதனால என் வேண்டுகோள் இதுதான். அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க. ரீடி கிரீக்கை கலைக்கல, பேர் மாத்தி அரசாங்கம் எடுத்துக்கிட்டாங்கன்னு ஒண்ணு. டிஸ்னி தப்பு பண்ணாங்கன்னு கோர்ட் தீர்ப்பு சொல்லல, கேஸ் அப்பீல்ல விசாரணை முடியாமலே வாபஸ் ஆச்சுன்னு இன்னொண்ணு. இடம் இல்லன்னா இந்த கடிதத்தை எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்கோங்க, அந்த ரெண்டாவது வரியை மட்டும் வெட்டிடாதீங்க.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஆரஞ்சு கவுன்ட்டி, ஃப்ளோரிடா