செயலாளரின் ஆண்டறிக்கை: முதியோர் உடல்நல ஆய்வும் அதைச் சுமக்கும் களப்பணியாளர்களும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நம் சர்வே களப்பணியாளர் சங்கத்தின் செயற்குழு தவறாமல் கூடியது. சந்தா பாக்கி குறைந்திருக்கிறது, தீரவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தியாகிவிட்டது. வாடகைக் கட்டடப் பிரச்சினை சென்ற ஆண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

இந்த ஆண்டின் பயிற்சிக் கூட்டங்கள் அனைத்தையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம்: முதுமையையும் உடல்நலத்தையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் தேசிய ஆய்வு. குடும்பநல சர்வே, தேர்தல் சர்வே, சந்தை சர்வே என்று பழகிய நம்மவர்களுக்கு இது வேறு ஜாதி வேலை. மற்ற சர்வேயில் கதவைத் தட்டுகிறோம், கேட்கிறோம், போய்விடுகிறோம். இதில் அதே ஆளிடம் திரும்பப் போக வேண்டும்.

ஆய்வு எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய ஓய்வுக்கால உடல்நல ஆய்வுதான் இந்தக் குடும்பத்தின் தாய். பொருளாதார அறிஞர் தாமஸ் ஜஸ்டர் அதன் முதல் இயக்குநர். 50 வயதைக் கடந்தவர்களை 2 ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பதும், வேலை, சொத்து, நோய், குடும்பம் நான்கையும் ஒரே வினாப்பட்டியலில் சேர்த்துக் கேட்பதும் அங்கே வேர்விட்ட முறை. அந்நாட்டின் தேசிய முதுமை நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் சுஸ்மன், இதே மாதிரியை மற்ற நாடுகளுக்கும் கொண்டுசெல்ல இடைவிடாமல் உழைத்தவர். இங்கிலாந்தில் 2002, ஐரோப்பிய நாடுகளின் கூட்டாய்வு 2004, சீனாவில் தேசிய அளவில் 2011 என்று கிளைகள் விரிந்தன. கேள்விகள் ஒத்திருப்பதால் பெய்ஜிங்கின் 70 வயதுக்காரரையும் பெரம்பலூரின் 70 வயதுக்காரரையும் ஒரே அட்டவணையில் வைக்க முடிகிறது.

இந்தியக் கிளைக்கு ‘லாசி’ (LASI, இந்திய நெடுங்கால முதுமை ஆய்வு) என்று பெயர். மும்பை தேவனாரில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் பொறுப்பேற்க, ஹார்வர்டும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் துணை நின்றன. பணம் மத்திய சுகாதார அமைச்சகம், அமெரிக்க தேசிய முதுமை நிறுவனம், ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் ஆகியவற்றிடமிருந்து வந்தது. பெரியநாயகம் ஆரோக்கியசாமி, டி.வி. சேகர், டேவிட் புளூம், ஜின்கூக் லீ ஆகியோர் ஆய்வை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர்கள். 2010இல் கர்நாடகம், கேரளம், பஞ்சாப், ராஜஸ்தான் நான்கு மாநிலங்களில் முன்னோட்டம் நடந்தது. தமிழ்நாடு அதில் இல்லை. முதல் சுற்று 2017 ஏப்ரலில் தொடங்கி 2018 டிசம்பர் வரை நடந்தது: 42,949 வீடுகள், 72,250 பேர். 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், அவர்களுடைய கணவன் அல்லது மனைவி. அந்த எண்ணிக்கையில் 60 வயதைத் தொட்டவர்கள் மட்டும் 31,464 பேர்.

அறிக்கையின் முன்பக்கத்தில் பேராசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன, இருக்கட்டும், உரியவர்கள்தான். ஆனால் 42,949 வாசல்களில் செருப்பைக் கழற்றி வைத்தவர்கள் ஒப்பந்தக் களப்பணியாளர்கள். அடுத்த சுற்றில் அந்த வாசலைக் கண்டுபிடிக்கும் வழி அவர்களுடைய கையெழுத்தில்தான் இருக்கிறது. இந்த ஆண்டுப் பயிற்சிகளில் நாம் பேசியதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

வீட்டுப் பட்டியலும் வயதும்

ஆய்வுக்கான வீடுகளைத் தேர்ந்தெடுப்பது கிராமத்தில் மூன்று படி: தாலுகா, ஊர், வீடு. நகரத்தில் நான்கு: தாலுகா, வார்டு, கணக்கெடுப்பு வட்டம், வீடு. கடைசிப் படியான வீடு நம் ஹவுஸ் லிஸ்டிங்கை நம்பியே எடுக்கப்படுகிறது. பட்டியலில் விடுபட்ட வீட்டுக்கு அதிர்ஷ்டச் சீட்டே கிடையாது. விடுபடுவது பெரும்பாலும் எது? பெரிய வீட்டின் பின்கட்டில் தனி அடுப்பு வைத்திருக்கும் கிழவி. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துச் சாய்ப்பு. மாடிப்படிக்கு அடியில் வாழும் வாட்ச்மேன் தாத்தா. முதியோர் ஆய்வில் இவர்களை விட்டால் விட்டது ஆய்வின் மையத்தையே. ஆகவே ‘இந்த வீட்டில் எத்தனை பேர்?’ என்று கேட்பதற்கு முன் ‘இந்த வாசலுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது?’ என்று கேளுங்கள்.

வயதைச் சொல்லும்போது 50, 55, 60 என்றே குவியும். ஆதாரில் ஜனவரி 1 அல்லது ஜூலை 1 இருந்தால் அது யாரோ தட்டச்சு செய்த தேதி என்று சந்தேகப்பட வேண்டும். நம் கைவசம் இருக்கும் நல்ல கருவி நிகழ்ச்சி நாட்காட்டி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது நடக்கிற பிள்ளையா, பள்ளிக்குப் போகிற பிள்ளையா? 1967இல் அண்ணா முதல்வரானபோது ஓட்டு இருந்ததா? நாகை வட்டாரத்தில் 1977 நவம்பர்ப் புயலின்போது கல்யாணம் ஆகிவிட்டதா? தமிழ் ஆண்டுப் பெயர் நினைவிருப்பவர்கள் நமக்கு வரம். விகாரியில் பிறந்தேன் என்றால் 1959-60. 60 ஆண்டுச் சுழற்சியில் ஒரு சுற்றுத் தவறினால் ஆள் 60 வயது மாறிவிடுவார், அதற்குக் கண்ணே போதும். 44க்கும் 45க்கும் நடுவில் நிற்பவரிடம்தான் உழைப்பு அதிகம். 44 என்று எழுதினால் நேர்காணல் மிச்சம், அந்தச் சபலத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். மேற்பார்வையாளர்கள் கணினியில் முதலில் பார்ப்பது 43, 44 வயதுகள் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறதா என்பதைத்தான்.

அளவைகள்: எங்கே பிசகுகிறது

இரத்த அழுத்தம் மூன்று முறை. முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே வரும், அதனால்தான் ஆய்வாளர்கள் பின் இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். முதல் அளவு ‘நன்றாக’ வந்துவிட்டது என்று மூன்றையும் அதே போல் நிரப்புவது மோசடி. காபி குடித்த கையோடு, சிறுநீர் அடக்கிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, பேசிக்கொண்டே அளந்தால் எண் ஏறும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டி வைத்தால் அதுவே இன்னொரு பட்டையாகிவிடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் ஏறும். மேசை இல்லாத வீட்டில் கையை இதய மட்டத்தில் தாங்க இரண்டு தலையணை போதும்.

கைப்பிடி வலுவுக்கு மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள், பிடித்து அழுத்தும் கருவியின் முள்ளை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பேரப்பிள்ளைகள் கைதட்டிப் போட்டியாக்கினால் ஒருவருக்குக் கிடைத்த ஊக்கம் அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. கூட்டத்தை வாசலுக்கு அனுப்புங்கள். அண்மையில் கையில் அறுவை நடந்தவரிடம் செய்யவே கூடாது.

நடைச் சோதனை 4 மீட்டர், வழக்கமான வேகம், இரண்டு முறை. நம் வீடுகளில் நேராக 4 மீட்டர் கிடைப்பது அபூர்வம். திண்ணை போதாது, தெரு சரிவு. கோயில் பிராகாரம், பள்ளித் தாழ்வாரம் என்று தேடலாம், ஆனால் தரை வழுக்கலாக இருக்கக் கூடாது. ஊன்றுகோல் வைத்திருப்பவர் அதோடே நடக்கட்டும், குறிப்பில் எழுதுங்கள். கோட்டுக்கு முன்பே நடந்துவந்து ஓட்டத்தோடு கடக்கக் கூடாது. நின்ற நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அதிகம் வீணாவது உலர் இரத்தப்புள்ளி அட்டை, அதாவது விரலில் குத்தி எடுத்த துளிகளைக் காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அட்டை. விரல் நுனியின் நடுவில் அல்ல, பக்கவாட்டில் குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். கையைத் தாழ்த்தி, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கினால் துளி தானாக வரும். விரலைப் பசு மடியைப் போல் பீச்சினால் திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்துப்போகும், ஆய்வகத்தில் கிடைப்பது பொய்யான எண். ஒரு வட்டத்துக்கு ஒரு முழுத் துளி. மேலே மேலே சொட்டினால் தடிமன் மாறும். படுக்கைவாட்டில், நிழலில், குறைந்தது 4 மணி நேரம் காய வேண்டும். வெயிலிலோ சூட்டிலோ காயவைத்தால் கெடும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்தில் 4 மணி நேரம் பத்தாது, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஈரம் முழுக்க போகாமல் உறையில் போட்டால் பூஞ்சை. ஈரமுறிஞ்சிப் பொட்டலம் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் வேண்டாம், ஈரங்காட்டும் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். லாசியின் அட்டைகள் போய்ச் சேர்ந்த ஆய்வகம் புனேயில். இங்கே காயாதது அங்கே காயாது.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கும் முதியவருக்கு ஒரு வரி பதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னாரா?’ என்ற கேள்வி டாக்டரிடம் போனவர்களை மட்டுமே பிடிக்கும். போகாதவரின் நோய் அளந்தால்தான் தெரியும்.

நினைவுச் சோதனையும் தமிழும்

10 சொற்களை வாசித்து உடனே கேட்பது, சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்பது, 100இலிருந்து 7 ஏழாகக் குறைப்பது, 20இலிருந்து பின்னோக்கி எண்ணுவது, 60 நொடியில் விலங்குப் பெயர்கள், ஒன்றோடொன்று வெட்டும் ஐங்கோணங்களை வரைவது. சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடம் ‘100 ரூபாயில் 7 ரூபாய் போனால்?’ என்று கேட்டால் படபடவென்று சொல்வார். ஆய்வின் விதிப்படி அப்படிக் கேட்கக் கூடாது. ரூபாயாக்கியதும் அது வேறு சோதனை. வினாவை எழுதியபடியே வாசிக்க வேண்டும். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனாலும் விதி விதிதான். ஆடு, கிடா, குட்டி மூன்றும் ஒரு விலங்கா மூன்றா என்பதைப் பயிற்சி நாளிலேயே மேற்பார்வையாளரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் ஆளுக்கொரு கணக்குப் போடாதீர்கள்.

பென்சிலே பிடிக்காதவர் ஐங்கோணம் வரையத் தவறினால் அது மறதி ஆகாது. இந்தச் சிக்கலைப் பெரிதாக எடுத்துக்கொண்டது மறதிநோயை ஆராயும், லாசியின் கிளை ஆய்வான லாசி-டாட். 60 வயதைக் கடந்த 4,096 பேரை நீண்ட நேரம் சோதித்தது. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாதவர்களையும் மனத்தில் வைத்து உருவான மனநிலைத் தேர்வு அதில் ஒரு பகுதி. முதியவரை நன்கு அறிந்த ஒருவரிடம் தனி நேர்காணல். பின்னர் மருத்துவர்கள் மூவர் தனித்தனியே மதிப்பெண் இட்டு, ஒத்துப்போகாதபோது இணையவழியில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் என்ற கணிப்பு அதிலிருந்து வந்தது. பெண்களிடமும் கிராமங்களிலும் கூடுதல். பல நகரங்களின் மருத்துவமனைகள் கைகொடுத்தன. முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவில் வழிகாட்டியான வி.எஸ். நடராஜன் பணியாற்றிய சென்னை மருத்துவக் கல்லூரியின் மரபை இங்கே நினைத்துக்கொள்வது நம் கடமை.

வீட்டில் மருமகள் காதுகொடுத்து நிற்கும்போது, ‘யாராவது உங்களை அவமதிக்கிறார்களா?’ என்ற கேள்விக்கு மாமியார் ஒரே பதில்தான் சொல்வார். தண்ணீர் கேட்டு அனுப்புங்கள், அல்லது அந்தப் பகுதியைத் திண்ணைக்கு மாற்றுங்கள். ‘மனச்சோர்வு’ என்ற சொல் பலருக்குப் புத்தகச் சொல். ‘மனசு பாரமா இருக்கு’ என்பதுதான் வாயில் வருகிறது. மொழிபெயர்ப்பாளர்களிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘சமைப்பதில் சிரமம் உண்டா?’ என்றால் ஆண்கள் இல்லை என்பார்கள், ஏனென்றால் சமைத்ததே இல்லை. ‘செய்வதில்லை’ என்பதற்குத் தனிக் குறியீடு இருந்தால் அதையே போடுங்கள்.

திரும்பக் கண்டுபிடிப்பது

அடுத்த சுற்றில் ஆளைக் கண்டுபிடிக்க உதவும் விவரங்களுக்கான தேடல் தாளை முதல் நாளே நிரப்பாவிட்டால் அந்தச் சுற்று பாழ். வீட்டின் பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும். ஊர் அவரை அழைக்கும் பெயர் வேண்டும். ‘வாத்தியார் வீடு’ என்றால் தெருவே காட்டும், பதிவேட்டுப் பெயர் சொன்னால் மகனுக்கே யோசனை வரும். வேறு வீட்டில் வாழும் இரண்டு உறவினரின் தொலைபேசி எண்கள் வேண்டும், ஒன்று மகள் வழியாக இருக்கட்டும். மகன் எண் மாறும், மகள் எண்ணை அம்மா மனப்பாடமாக வைத்திருப்பார். விதவைத் தாய் மகன்கள் வீட்டில் மாத முறை வைத்திருந்தால் எந்த மாதம் எந்த வீடு என்று எழுதிக்கொள்ளுங்கள். ரேஷன் நாளிலும் நூறு நாள் வேலை நேரத்திலும் போனால் பூட்டிய வீடுதான் கிடைக்கும், அதை ‘ஆள் இல்லை’ என்று முடித்துவிடாதீர்கள்.

போனபோது ஆள் இறந்திருந்தால் நேர்காணல் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்க ஆய்வில் கடைசிக் காலம் பற்றி நெருங்கிய உறவினரிடம் கேட்பதற்கென்றே தனி வினாப்பட்டியல் உண்டு. நம் ஊரில் கருமாதி முடியும்வரை பொறுத்திருந்து, வெறுங்கையோடு, வினாத்தாளைப் பையிலிருந்து எடுக்காமல் முதலில் துக்கம் விசாரித்துவிட்டு வர வேண்டும். நேர்காணல் இன்னொரு நாள்.

செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள்

ஒன்று: நெடுங்கால ஆய்வுகளில் முதல் சுற்றுப் பணியாளரையே அடுத்த சுற்றிலும் அதே ஊருக்கு அனுப்ப முன்னுரிமை தர வேண்டும் என்று ஆய்வு நடத்துவோரைக் கேட்பது. இரண்டாவது: மூன்றாம், நான்காம் முறை வீடு தேடிப் போவதற்கான பயணப்படி, முடிந்த நேர்காணலுக்கான கூலியோடு சேராமல் தனியே வர வேண்டும். சேர்த்துத் தருகிற இடங்களில்தான் ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற குறியீடு பெருகுகிறது, இது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். மூன்றாவது: அறிக்கைகளின் பின்னிணைப்பில் களப்பணியாளர் பெயர்கள், அவர்கள் சம்மதத்தோடு அச்சாக வேண்டும்.

தேடல் தாளின் மாதிரிப் படிவத்தை அச்சிட்டு மேசையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்