பத்தரை மணிக்கு ஜிம்

அன்புள்ள கோமதி,

நேற்று போனில் நீ சொன்னதை அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குப் படுத்து இரண்டு மணி வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய் என்றால், வேலையில்தான் ஏதோ கவலை என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவன் புத்தி வேறு எங்கே போகும்? பத்தரைக்கு ஜிம்முக்குப் போய் பதினொன்றரைக்குத் திரும்புகிறேன் என்றாயே, அங்கேதான் சந்தேகம்.

மாவட்டப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போன பையன்கள், விளக்கு வெளிச்சத்தில் கபடி ஆடி முடித்து வந்தால் ஒரு மணி வரை தூங்க மாட்டார்கள். குறும்பு என்று நினைத்து எவ்வளவு திட்டியிருக்கிறேன்! பாவம், நெஞ்சுப் படபடப்பே அடங்கியிருக்காது. தூக்கம் வர உடம்புச் சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். ஓடியும் எடை தூக்கியும் ஏறிய சூடு உடனே இறங்காது.

அதற்காகச் சாயங்காலப் பயிற்சியே ஆகாது என்பதில்லை. நானே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான், அது தப்பு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் எழுதியவர்கள், படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கடும் பயிற்சிதான் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்கிறார்கள். ஆகவே எட்டரைக்குள் ஜிம்மை முடித்துவிடு. மீட்டிங் இழுத்துவிட்ட நாளில் எடையைத் தொடாதே. மொட்டை மாடியில் அரை மணி நட, கைகாலை நீட்டி மடக்கு, போதும்.

அப்புறம், ஜிம்முக்கு முன்னால் ஏதோ பொடி கலக்கிக் குடிக்கிறாயே, அந்த டப்பாவைத் திருப்பிப் படி. அப்படிப்பட்ட பொடிகள் பலவற்றில் காஃபீன் இருக்கிறது. அது உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு டிகாஷன் குடிப்பாயா நீ?

நான் ரிட்டயர் ஆன வருஷம் எனக்கும் தூக்கம் போயிற்று, நினைவிருக்கிறதா? வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். தூக்கம் வராத வயதான பெண்களை வைத்து அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. இன்று செய்த பயிற்சிக்கு இன்று ராத்திரியே கூலி கிடைக்காது, மாதக்கணக்கில் செய்ய வேண்டும். ஆனால் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் பயிற்சி உடனே குறைந்துவிடுகிறது.

அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க மாட்டாள். பெங்களூரில் முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் யோகா செய்தவர்கள் சராசரியாக ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று 2005-இல் வந்த ஆய்வை வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவள் யோகா பாயை நான் மிதிக்கக்கூடக் கூடாதாம்.

சனிக்கிழமை கூப்பிடு. எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்பேன். அம்மாவைச் சமாளிக்கிற மாதிரி என்னைச் சமாளிக்கப் பார்க்காதே.

அன்புடன்,
அப்பா